குளம் வற்றிய செய்தி

றோய் பாலைவனத்தில் இருந்து ரெலிபோன் எடுக்கும்போது அவன் மனைவி கிளடிசின் காதில் முதலில் விழுவது அவனுடைய குரல் அல்ல. ஏதோ ஒரு பெரிய வாகனம் பின்பக்கமாக நகரும்போது எழுப்புகிற 'பீப், பீப்' என்ற சத்தம். அது ஓய்ந்த பிறகுதான் அவன் வருவான்.

"இஞ்சரும், நான்தான். சாப்பிட்டனீரோ?"

"ஓம். விளைமீன் வாங்கிக் குழம்பு வைச்சனான். நீங்கள்?"

"நான் இஞ்சை பார்க்கில, கொட்டிலுக்குக் கீழ ராசா மாதிரி இருந்து சாப்பிடுறன். காத்தெண்டால் அப்பிடி ஒரு காத்து."

அந்த நேரம் பார்த்து கிளடிசின் ரோஸ்ரர் 'டக்' என்று இரண்டு பாண் துண்டுகளை மேலே தள்ளும். அவள் ரெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு போய், சத்தம் போடாமல் அவற்றை எடுத்துத் தட்டில் வைப்பாள். ஒரு ஆளுக்கு என்று மீன் குழம்பு யார் வைப்பார்கள்?

ரொறன்ரோ வோபர்னில் பதினோராம் மாடியில் அவர்களுடைய வீடு. றோய் பிறம்ரனில் உள்ள ஒரு கொம்பனிக்கு ட்றக் ஓடினான். போகும்போது காரின் உதிரிப் பாகங்கள். வரும்போது, ரொறன்ரோவில் பனி கொட்டுகிற மாதங்களில், அரிசோனாவில் விளைந்த லெற்றஸ் கீரை. லெற்றஸ் ஏற்றுகிற இடத்தில் முறை வரும்வரை சில வேளை ஒரு பகலும் இரவும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை எங்கே கழிக்கிறான் என்பதில்தான் பொய் இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் றோயின் ஸ்பொன்சரில் கனடா வந்து இறங்கியபோது கிளடிசுக்கு அவன் உண்மையைத்தான் சொன்னான். சீற்றுக்குப் பின்னால் ஒரு கட்டில் இருக்கிறது, ட்றக்குகள் வரிசையாக நிற்கிற யாட்டில் அதில்தான் படுப்பேன் என்றான். கிளடிஸ் "கதவைப் பூட்டிப்போட்டோ படுக்கிறனியள்?" என்று மட்டும் கேட்டாள். அவன் போய்த் திரும்பி வரும்வரை அவள் ஒழுங்காகப் படுக்கவில்லை. வந்து பார்த்தபோது அவளுடைய கண்ணைச் சுற்றிக் கருவளையம். அடுத்த பயணத்தில் றோயின் பேச்சில் பார்க் வந்துவிட்டது.

அரசாங்கத்தின் பாலைவனப் பார்க். கற்றூண் வைத்து மேலே கூரை போட்ட நிழற்கொட்டில்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சீமெந்து மேசை, பக்கத்தில் இறைச்சி சுடுகிற அடுப்பு. சுடுதண்ணீர் வருகிற ஷவர். கள்ளிச் செடிகளுக்கு நடுவே நடைபாதை. பாதை முடிகிற இடத்தில் ஒரு குளம், குளத்தில் நீந்துகிற தாரா வாத்துகள். வெள்ளிக்கிழமை மாலைகளில் காவலர்கள் தொலைநோக்கியை வெளியே கொண்டு வந்து வைத்து வானத்து வெள்ளிகளைக் காட்டுவார்கள். இவ்வளவையும் றோய் நாலு வருடமாக, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒருமுறை பார்க்கின் விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கிளடிஸ் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

முதல் வருடம் அவள் எல்லாவற்றையும் நம்பினாள், நித்திரையும் கொண்டாள். பிறகு பிளாசாவில் நடந்த இங்கிலிஷ் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். றோயின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெண் ஒலிபெருக்கியில் எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். பார்க்கின் அறிவித்தல் ஆக்கும் என்று கிளடிஸ் நினைத்திருந்தாள். ஒரு மாலை, றோய் தாராக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில், அந்தப் பெண் பேசியது முழுவதும் திடீரென்று விளங்கிற்று. ஆறாம் இலக்கச் சாரதிக்குக் குளியலறை தயார். டீசல் அடித்து முடித்தவர்கள் தயவுசெய்து ட்றக்கை முன்னால் எடுங்கள்.

"ஏழு தாரா," என்றான் றோய். "தாயும் குஞ்சுகளும்."

கிளடிஸ் கையில் இருந்த பாணைப் பார்த்தாள். விளைமீன் குழம்பு என்று அவள் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"குஞ்சுகள் என்ன நிறம்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. யாட்டில் நிற்கிற ஒருவன், டீசல் மணத்துக்குள் நின்றுகொண்டு, அவள் நித்திரை கொள்ளவேண்டும் என்பதற்காகத் தாராக் குஞ்சுக்கு நிறம் யோசிக்கிறான். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தொண்ணூற்றேழின் கடைசியில் கிளடிசுக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்தது. அதைக் கொண்டாட மில்லிக்கனில் றோயின் தமையன் பஸ்ரியனின் வீட்டில் ஒரு விருந்து. பஸ்ரியன் பாஷையூரில் கடலோடு வளர்ந்தவர். ரொறன்ரோவிலும் வசந்தம் வந்தால் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். விருந்தில் கிளடிஸ் பெருமையாகச் சொன்னாள், "இனி நானும் போர்டரைத் தாண்டலாம். இவர் சொல்லுற பார்க்கை ஒருக்கால் போய்ப் பாக்கவேணும்." சும்மா சபைக்குச் சொன்ன வார்த்தை. அதுதான் அவள் விட்ட பிழை. அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஒரு இடத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்னால், மற்றவர்கள் எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்றுதான் கேட்பார்கள்.

"பள்ளிக்கூட மார்ச் பிரேக் லீவுக்குப் போவம்," என்றார் பஸ்ரியன். "புது வான் நிக்குது. என்ர சிநேகிதன் நவரட்ணத்துக்கும் சொல்லுறன். நானும் அவனும் மாறி மாறி ஓடினால் மூண்டு நாள். டேய் திமிங்கிலம், உன்ர குளத்தில மீன் இருக்கோ?"

திமிங்கிலம் என்பது றோய். பத்து வயதில் அவன் கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கிக் கிடக்கிறது என்று சொல்லி, முழுத் தெருவையும் பூசை முடிந்த கையோடு ஓட வைத்தவன். போய்ப் பார்த்தால் கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளம். வள்ளம்தான், ஆனால் தூரத்தில் இருந்து பார்க்க அப்படித்தான் இருந்தது என்று றோய் இன்றைக்கும் சொல்வான். கடல் தாண்டி, கண்டம் தாண்டி வந்த பிறகும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. பிறந்தநாள், முதல் நன்மை, கலியாணம், எங்கே போனாலும் பஸ்ரியன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். புதிதாக வந்தவர்களுக்கு விளக்கமும் கொடுப்பார்.

"மீன்... இருக்கும் அண்ணை," என்றான் றோய். அவனுடைய காது சிவந்துபோயிருந்ததைக் கிளடிஸ் கண்டாள்.

ஒரு வான் நிறைய ஆட்கள் மூன்று நாள் ஓடிப்போய் இல்லாத ஒன்றின் முன்னால் நின்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். திமிங்கிலக் கதைக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு இரண்டாம் பாகம் கிடைத்துவிடும். அதை றோய் சாகும்வரை சுமக்கவேண்டும்.

நேரே அவனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், இவ்வளவு காலமும் நான் எல்லாம் தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லவேண்டி வரும். அதற்குப் பிறகு அவன் பாலைவனத்தில் இருந்து என்ன பேசுவான்? கொட்டிலும் தாராவும் போய்விட்டால் ரெலிபோனில் மிஞ்சுவது டீசல் விலைதான்.

ஜனவரியில் றோய் பயணம் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கிளடிஸ் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளின் அடியில் கண்ட இலக்கத்தைச் சுழற்றினாள். அவளுக்கு வேலை முதியோர் இல்லத்தின் சலவைக் கூடத்தில். ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு, உடுப்புக்கூட மாற்றவில்லை. மறுமுனையில் வயதான ஒரு பெண், அவசரம் இல்லாத குரல்.

"என்னுடைய கணவர் உங்கள் பார்க்குக்கு அடிக்கடி வருகிறவர்," என்று கிளடிஸ் தன் இங்கிலிஷில் தொடங்கினாள். ஆரம்பமே பொய். "ட்றக் ஓடுகிறார். ரொறன்ரோவில் இருந்து."

"ட்றக்கா? பெரிய ட்றக்கை நாங்கள் கேற்றுக்கு உள்ளே விடுவதில்லையே, ஹனி."

"வெளியே நிறுத்திவிட்டு நடந்து வருவார்," என்றாள் கிளடிஸ். தன் வாயில் இருந்து அது வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

அந்தப் பெண்ணுக்கு அது பிடித்துப்போயிற்று. கிளடிசின் பெயரைக் கேட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கேட்காததையும் சொன்னாள். நிழற்கொட்டில்களில் மின்சாரம் கிடையாது. கூடாரம் அடிக்கிற இடங்களில் சிலவற்றில் மட்டும் கம்பம் நட்டு பிளக் வைத்திருக்கிறது. ஷவருக்குக் கால் டொலர் நாணயக் குற்றி போடவேண்டும், அமெரிக்கக் குற்றி, கனடாவினுடையது மாட்டிக்கொள்ளும். வெள்ளி பார்க்க வருகிறவர்கள் ரோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்களுடைய கண் கூசும்.

"குளம்?" என்று கேட்டாள் கிளடிஸ்.

பெண் சிரித்தாள். "அது படத்தில்தான் அழகு. பெருமழை பெய்த வருடம் கொஞ்சத் தண்ணீர் நிற்கும். இப்போது போனால் பாளம் பாளமாக வெடித்த களிமண். அதுவும் ஒரு அழகுதான், ஆட்கள் படம் எடுக்கிறார்கள்."

சனிக்கிழமை றோய் வந்து சேர்ந்தான். பார்க் எப்படி என்று கேட்டாள். நல்ல காற்று என்றான். அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிய பஸ்ரியன் வீட்டில் பயண ஆலோசனை.

மில்லிக்கனில் வாசல் முழுவதும் பனிக்கட்டி. உள்ளே பஸ்ரியனின் மனைவி றீற்றா மேசையில் இறால் பொரியலும் புட்டும் வைத்திருந்தாள். பதினைந்து வயது மகள் றெபேக்கா சோபாவில் குந்தியிருந்தாள். கராஜில் இருந்து உள்ளே கொண்டுவந்த மூன்று தூண்டில்கள் சுவரில் சாய்ந்து நின்றன. கிளடிஸ் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அது தபசு காலமெல்லே," என்றாள் றீற்றா. "வெள்ளிக்கிழமையில இறைச்சி ஏலாது. வனாந்தரத்தில மீனுக்கு எங்க போறது?"

"அதுக்குத்தானே உதெல்லாம்," என்று பஸ்ரியன் தூண்டில்களைக் காட்டினார். "ஆண்டவரும் தபசுக்கு வனாந்தரத்துக்குத்தான் போனவர்."

"ஆண்டவர் றைஸ் குக்கர் கொண்டு போகேல்லை. நான் கொண்டு போகவேணும். றோய், அங்கை குத்திறதுக்கு பிளக் இருக்கோ?"

"பிளக்..." என்றான் றோய். புட்டுத் துண்டு ஒன்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். "கொட்டில்ல இருக்கு எண்டு..."

"கொட்டில்ல இல்லை, றீற்றா அக்கா," என்றாள் கிளடிஸ். "இவர் எனக்குச் சொன்னவர். ரென்ற் அடிக்கிற இடத்திலதான் கம்பம் நட்டு பிளக் வைச்சிருக்காம். சொல்லி புக் பண்ணவேணுமாம்."

புருசன் வாயைத் திறக்கும் முன் பெண்சாதி அவனுடைய கதையை எடுத்துச் சொல்வது அந்த வீட்டில் புதினம் இல்லை. றீற்றாவும் பஸ்ரியனின் இரத்த அழுத்தத்தை அவர் பக்கத்தில் இருக்கும்போதே எல்லோருக்கும் அறிவிக்கிறவள்தான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. றோய் மட்டும் பார்த்தான்.

"சித்தப்பா, washroom எப்பிடி? Like, flush பண்ணுற washroom-ஆ, இல்லாட்டி அந்தக் கிடங்கு மாதிரி gross thing-ஆ?" என்றாள் றெபேக்கா.

"Flush-தான் பிள்ளை," என்றாள் கிளடிஸ். "ஷவரும் இருக்கு. கால் டொலர் குத்தி போட்டாத்தான் தண்ணி வரும். கனடாக் குத்தி போட்டா இறுகிப்போமாம். என்னப்பா, அப்பிடித்தானே சொன்னனியள்?"

"ஓம்," என்றான் றோய், மெதுவாக.

"ஒருக்கால் போட்டு இறுக்கிப்போட்டுத்தான் வந்திருப்பான்," என்றார் பஸ்ரியன். "சரி, விசயத்துக்கு வா. குளம் என்ன ஆழம்? கரையில நிண்டு எறியலாமோ, இல்லை இறங்கவேணுமோ?"

றோய் ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். அவன் யோசிக்கிற முகம் கிளடிசுக்குத் தெரியும், பார்த்தது குறைவு. ரெலிபோனில்தானே இத்தனை நாளும் யோசித்தான். 'இடுப்பளவு' என்று சொல்லப்போகிறான், அல்லது 'நெஞ்சளவு'. சொல்லிவிட்டால் பிறகு அவளாலும் வற்ற வைக்க முடியாது.

"குளம் வத்திப்போச்சாம், பஸ்ரியன் அண்ணை."

தூண்டில்களின் பக்கம் திரும்பியிருந்த பஸ்ரியனின் தலை இந்தப் பக்கம் திரும்பிற்று. "என்ன?"

"இந்த முறை போய் வந்து சொன்னவர். மழை இல்லையாம். நிலமெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுப்போய்க் கிடக்காம். ஒரு சொட்டுத் தண்ணி இல்லையாம்."

"எனக்கு ஏன்ரா சொல்லேல்லை?" பஸ்ரியன் தம்பியைக் கேட்டார். "நான் நேற்று முழுக்க ரீலுக்கு எண்ணெய் விட்டனான்!"

றோய் வாயைத் திறந்தான்.

"சொன்னால் நீங்கள் வரமாட்டியள் எண்டு பயந்தவர்," என்றாள் கிளடிஸ். "அண்ணை வராட்டில் தானும் போகேலாது எண்டு நேற்று முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தவர்."

பஸ்ரியன் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து போய் மூன்று தூண்டில்களையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்தார். "விசரன்," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "மீன் பிடிக்கவோ நான் வாறன்? கிளடிசுக்கு இடத்தைக் காட்டப் போறம்." கராஜ் கதவுவரை போனவர் திரும்பினார். "றீற்றா, கருவாடு கொண்டு போவம்."

"பாலைவனத்தில கருவாடு பொரிச்சால் அடுத்த ரென்ற்காரன் பொலிசைக் கூப்பிடுவான்," என்றாள் றீற்றா. வீடே சிரித்தது. றோயும் சிரித்தான், எல்லோருக்கும் கொஞ்சம் பிந்தி.

திரும்பி வரும்போது மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குகள் எல்லாம் அவர்களுக்காகவே எரிந்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிலும் றோய் ஏதோ கேட்கப்போகிறவனைப்போல வாயைத் திறந்தான். பச்சை விழுந்ததும் மூடினான். வீட்டுக்குக் கிட்ட வந்த பிறகுதான் கேட்டான்.

"குளம் வத்தினது... அது நான் எப்ப சொன்னனான்?"

"நேற்றுத்தானே. மறந்துபோனியளோ?"

வைப்பர் கண்ணாடியில் இரண்டு தரம் போய் வந்தது.

"ஓம்," என்றான் றோய். "சொன்னனான் போலத்தான் கிடக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவன் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தான். கிளடிஸ் தேத்தண்ணி வைத்தாள்.

பெப்ரவரியில் அடுத்த பயணம். அவன் அரிசோனாவில் நிற்கவேண்டிய மாலை, ஒன்பது மணி ஆகியும் ரெலிபோன் வரவில்லை. கிளடிஸ் இரண்டு பாண் துண்டுகளை ரோஸ்ரருக்குள் வைத்துவிட்டு, அழுத்தாமல் நின்றாள். மணி அடித்தது.

எடுத்தாள். பீப் சத்தம் இல்லை. ஒலிபெருக்கிப் பெண் இல்லை. ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு அமைதி நாலு வருடத்தில் அந்தக் கம்பி வழியாக வந்ததில்லை.

"ஆர்?" என்றாள், பயந்துபோய். "இஞ்சேருங்கோ? நீங்களோ? எங்க நிக்கிறியள்? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. பார்க்கில நிக்கிறன்."

அவள் காதை இன்னும் நெருக்கி வைத்தாள். காற்று மட்டும் இருந்தது. உண்மையாகவே நல்ல காற்று.

"ட்றக்கை வெளியில விட்டிட்டு நடந்து வந்தனான்," என்றான் றோய். "பார்க்கின்ர கந்தோரில ஒரு மனிசி இருக்கு, வயசுபோன மனிசி. நான் ரொறன்ரோ எண்டு சொல்லி முடிக்கேல்லை, 'நீதானே கிளடிசின்ர புருசன், ட்றக்கை வெளியில விட்டிட்டு நடந்து வாறவன்' எண்டு கேட்டுது."

கிளடிஸ் சுவரில் சாய்ந்தாள். "நீங்கள் என்ன சொன்னனியள்?"

"ஓம் எண்டனான். வேற என்ன சொல்ல?" பிறகு அவன் பேச்சை மாற்றினான். "ஷவருக்குக் கால் டொலர் போட்டனான். சவுக்காரம் போக முதல் தண்ணி நிண்டிட்டுது. ரெண்டு குத்தி வேணும். அதை அண்ணையாக்களுக்குச் சொல்லும்."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"இல்லை, நீர் சொன்னால்தான் நம்புவினம்." பிறகு கேட்டான்: "இண்டைக்கு என்ன சாப்பாடு?"

விளைமீன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பாண்," என்றாள்.

"தெரியும். ஒவ்வொரு முறையும் டக் எண்டு கேக்கும். இண்டைக்குத்தான் கேக்கேல்லை. அதுதான் கேட்டனான்."

கிளடிஸ் ரோஸ்ரரைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்துக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது. கையை நீட்டி அதை அழுத்தினாள்.

"குளத்தடிக்கும் போனனான்," என்றான் றோய். "நீர் சொன்ன மாதிரித்தான், பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. ஆனா இஞ்சரும், நடுவில ஒரு தாரா நிண்டது."

"தண்ணி இல்லாத குளத்திலயோ?"

"சத்தியமா, கிளடிஸ். ஒரு தாரா. தனிய."

"வடிவாப் பாத்தனியளோ?" என்றாள் அவள். "திமிங்கிலம் இல்லையே?"

றோய் சிரிக்கத் தொடங்கினான். பின்னால் எந்த ட்றக்கும் நகராததால், அவன் சிரித்து முடிக்கும்வரை அதை அவள் முழுதாகக் கேட்டாள்.